கலோ மலையில் வாங்கிய வக்காலத்து

எழுதத் துணிந்ததற்கு முதலில் மன்னிக்க வேண்டும். பொன்னேரியில் எட்டாவது வரை படித்தவன் நான். அதன் பிறகு நான் எழுதியதெல்லாம் கூடைகளின் மேல் கட்டும் துண்டுச் சீட்டுகள்தான். பழவேற்காட்டில் கருவாடு வாங்கி பொன்னேரி, கும்மிடிப்பூண்டி சந்தைகளில் விற்கிறேன். நாலு பேர் கூடினால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். சந்தையில் என் சரக்குக்கும் சேர்த்துக் கூவுவது பக்கத்துக் கடைக்காரர்தான். அப்படிப்பட்டவனிடம் வாசகசாலைக்காரர்கள் மூன்று முறை வீடு தேடி வந்து, "பர்மா மலை வரைக்கும் போய் வந்திருக்கிறீர்கள், எழுதித் தாருங்கள்" என்றார்கள். மறுத்துப் பேசவும் கூச்சமாக இருந்ததால் ஒப்புக்கொண்டேன்.

நான் ஊர் பார்க்கப் போகவில்லை. என் அக்கா ஹமீதாவை நாங்கள் லாத்தா என்போம். அவள் கணவர் யூசுப் மச்சான், மகள் ஷரீபா ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோது ரங்கூனுக்குப் போனார். இரண்டு வருஷம் கடிதம் வந்தது. பிறகு யுத்தம் வந்தது, கடிதம் நின்றது. ரங்கூனில் குண்டு விழுந்தபோது நடந்தே ஊர் திரும்பியவர்கள் அவரைப் பார்க்கவில்லை என்றார்கள். லாத்தாவும் குழந்தையும் என் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். ஷரீபாவுக்கு இப்போது பதினெட்டு வயது. பொன்னேரியில் மாப்பிள்ளை அமைந்தது. நோன்பு பிறப்பதற்கு முன் நிக்காஹ் என்று பேசினோம்.

பெண்ணைக் கொடுக்கும் உரிமை எங்களில் தகப்பனுக்கு உரியது. அவர் வர முடியாவிட்டால் இரண்டு சாட்சிகள் முன்னால் வேறொருவருக்கு அந்த உரிமையை வாயால் சொல்லிக் கொடுக்கலாம். அதற்கு வக்காலத்து என்று பெயர். தாய்மாமன் எத்தனை வருஷம் சோறு போட்டு வளர்த்திருந்தாலும் தானாக அந்த இடத்தில் உட்கார முடியாது. மச்சான் உயிரோடு இல்லை என்று எண்ணி அவருடைய அண்ணன் உட்காருவதாக இருந்தது. அந்த நேரத்தில்தான் ரங்கூனிலிருந்து திரும்பிய ஒருவர் பள்ளிவாசலில் வைத்துச் சொன்னார்: "கலோ மலையில், செவ்வாய்க்கிழமை சந்தையில் யூசுபைப் பார்த்தேன். குதிரைக்காரர்களுக்கு டீ ஆற்றிக்கொண்டிருந்தார்."

முகவரி கிடையாது. கடிதம் போட வழியில்லை. காஜியார் நல்ல மனிதர். "தூர தேசம், நானே முன்நின்று செய்து வைக்கலாம், அதற்கு வழி இருக்கிறது" என்றார். கதவுக்குப் பின்னாலிருந்து ஷரீபாவின் குரல் வந்தது.

"வாப்பா உசுரோட கீறாரு. அவரு வாயால சொல்லாம இந்தக் கல்யாணம் வாணாம் மாமா. நான் இப்டியே குந்திக்கினு இருந்துடறேன்."

"இன்னாடி பேச்சு இது, சபையில?" என்று லாத்தா அதட்டினாள்.

"நான் போயி வாங்கிக்கினு வரேன்" என்று ஒரு குரல் கேட்டது. அது என் குரல் என்று எனக்கே சற்றுத் தாமதமாகத்தான் புரிந்தது.

"நீயா? பொன்னேரி ஸ்டேஷன்ல டிக்கெட்டு கேக்கவே ஆளு தேடுவியே!" என்றாள் லாத்தா.

கப்பலில் நாலு நாள் தலை தூக்கவில்லை. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

ரங்கூனில் தமிழர் பள்ளிவாசலை ஒட்டிய விடுதியில் இடம் கிடைத்தது. அந்த நகரத்தின் கூட்டத்தைச் சொல்லி முடியாது. பர்மாக்காரர், சீனர், வங்காளி, நம் ஆட்கள் என்று ஒருவர் தோளில் ஒருவர் இடித்துக்கொண்டு போகிறார்கள். அங்கே ஓடும் சைக்கிள் வண்டியில், ஓட்டுகிறவருக்குப் பக்கத்தில் இரண்டு இருக்கைகள் முதுகோடு முதுகாக இருக்கும். டிக்கெட் வாங்க ரயில் நிலையத்துக்குப் போக ஏறியபோது எனக்குப் பின்பக்கம் பார்த்த இருக்கை வாய்த்தது. போன தெருவெல்லாம் தெரிந்தது, வருகிற தெரு ஒன்றும் தெரியவில்லை. ரயில் நிலையத்தைத் தாண்டிப் போய், அது சிறியதாகிக்கொண்டே போகும்போதுதான் "நிறுத்து, நிறுத்து" என்று கத்தினேன். ஓட்டுகிறவர் நான் பாடுகிறேன் என்று நினைத்துத் தலையாட்டினார்.

கடைத்தெருவில் ஙப்பி விற்கிறார்கள். மீனையும் இறாலையும் உப்புப் போட்டு இடித்துக் கூழாக்கி நொதிக்க வைத்தது. விற்ற அம்மாள் ஒரு விரலில் எடுத்து நீட்டினாள். நம் ஊர் ஆட்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுவார்களாம். நான் முகர்ந்து பார்த்தேன். உப்பு சரியாகத்தான் இருந்தது, வெயில்தான் போதவில்லை. இன்னும் இரண்டு நாள் காய்ந்திருக்க வேண்டும். அதைச் சொல்ல பாஷை இல்லாமல் வானத்தைக் காட்டி இரண்டு விரலை நீட்டினேன். அவள் விலை கேட்கிறேன் என்று எண்ணி மூன்று விரலைக் காட்டினாள்.

விடுதிக்குக் கீழே டீக்கடை வைத்திருந்த தமிழர் என்னைத் தடுத்துப் பார்த்தார். "மலைக்கா? கலகக்காரனுங்க ரயிலுக்குக் குண்டு வைக்கிறானுங்க பாய். ஆளுங்க அங்கேருந்து இறங்கி வரானுங்க, நீங்க ஏறிப் போறீங்க. பேசாம ஊருக்குத் திரும்புங்க, பேஜாரு வேணாம்."

மறுநாள் காலை ரயிலில் ஏறிவிட்டேன்.

இருட்டினால் அங்கே ரயில் ஓடாது. ஒரு ஊரில் நிறுத்திவிட்டு, விடிந்தபின் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே போகிறார்கள். மலை ரயில் அதைவிட விசித்திரம். கொஞ்ச தூரம் ஏறியது, நின்றது, பிறகு வந்த பக்கமே போகத் தொடங்கியது. எங்கேயோ குண்டு வைத்துவிட்டார்கள், திரும்புகிறோம் என்று பயந்து மூட்டையோடு எழுந்துவிட்டேன். எதிரே முழ நீளச் சுருட்டுப் புகைத்துக்கொண்டிருந்த கிழவி சிரித்துவிட்டு, கையால் ஒரு கோணல் கோடு வரைந்து காட்டினாள். முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை என்று அந்த ரயில் அப்படித்தான் ஏறுமாம். நான் உட்கார்ந்தேன். அவள் சின்னப் பெட்டியைத் திறந்து ஊறவைத்த தேயிலை கொடுத்தாள். குடிக்க அல்ல, தின்ன. வறுத்த பயறும் எள்ளும் சேர்த்து மெல்ல வேண்டும். கசப்பும் புளிப்புமாக இருந்தது. இரண்டாவது முறை நானே கை நீட்டினேன்.

கணக்குப் பண்ணி செவ்வாய்க்கிழமை காலையில் கலோவில் இறங்கினேன். பைன் மரங்களும் குளிரும் மட்டும் இருந்தன. சந்தைத் திடலில் இரண்டு நாய்கள் படுத்திருந்தன.

தண்டவாளத்தோரம் யாரோ தெலுங்கில் ஒருவனைத் திட்டிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. கும்மிடிப்பூண்டி, சூளூர்பேட்டைப் பக்கம் வியாபாரத்துக்குப் போய் நான் தெலுங்கு பேசுவேன். ரயில்பாதை வேலை செய்யும் அப்பளசாமி அவர், விசாகப்பட்டினத்துப் பக்கம். அவர் பேசியதைத் தமிழாக்கித் தருகிறேன்.

"சந்தையா? அது முந்தாநாள் முடிஞ்சது நைனா. இனிமே வெள்ளிக்கிழமை."

"செவ்வாய்க்கிழமைச் சந்தை என்றார்களே?"

"எந்தச் செவ்வாய்? இங்கே அஞ்சு நாளைக்கு ஒரு சந்தை. ஞாயிறு ஆச்சு, அடுத்தது வெள்ளி, அதுக்கடுத்தது புதன். சந்தைக்கு ஏது கிழமை?"

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. இருபது வருஷமாகச் சந்தையிலேயே பிழைக்கிறவன். சந்தை என்றால் வாரத்துக்கு ஒரு நாள் என்பதைத் தவிர வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை. அப்பளசாமி தன் கூட்டாளியைக் கூப்பிட்டு, "இந்தக் கருவாட்டு பாய் கடல் தாண்டி சந்தைக்கு வந்திருக்காரு, சந்தைதான் அவரைக் கண்டுட்டு ஓடிப்போச்சு" என்று சொல்லிச் சிரித்தார்.

வெள்ளி வரை காத்திருந்து மச்சான் வராமல் போனால் திரும்பும் கப்பல் தவறிவிடும். அடுத்த கப்பலில் போனால் நோன்பு பிறந்துவிடும். மாப்பிள்ளை வீட்டார் அதற்கு மேல் காத்திருக்க மாட்டோம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"டீக்கடை யூசுப் பாயா? சந்தைக்கு எப்பவாவதுதான் இறங்குவாரு. மேலே குதிரைப் பாதையில இருக்காரு. ஒன்றரை நாள் நடை" என்றார் அப்பளசாமி. பிறகு என் மூட்டையை முகர்ந்தார். "இது இன்னா?"

"நெத்திலி."

"எனக்கு லீவு பாக்கி இருக்கு" என்றார் அவர் உடனே.

என் துணிப்பெட்டியை அவர் குடிசையில் வைத்துவிட்டு, ஜமக்காளத்தில் சாமானைச் சுருட்டி, கயிறு போட்டு என் முதுகில் கட்டினார். அப்படியே நடந்தோம். பாதையில் கறுப்பு உடையும் ஆரஞ்சு நிறத் தலைத்துணியுமாகப் பெண்கள் எதிரே வந்தார்கள். முதுகில் பெரிய கூடை, அதன் வார் நெற்றியில். ஒருத்தி என்னைப் பார்த்து ஏதோ சொல்ல எல்லோரும் நின்று சிரித்தார்கள். அப்பளசாமி எனக்குச் சொன்னார்: "இந்த ஆள் மூட்டையைத் தூக்கறாரா, மூட்டை இந்த ஆளைத் தூக்குதான்னு கேக்கறா." அவளே வந்து கயிற்றை அவிழ்த்து, ஒரு துணிப் பட்டையை என் நெற்றியில் மாட்டிச் சரிசெய்தாள். அதன் பிறகு தோள் வலி நின்று கழுத்து வலி தொடங்கியது.

அன்று மாலை தங்கிய ஊரில் பன்றிக்கறி வெந்துகொண்டிருந்தது. எனக்கு ஆகாது என்று அப்பளசாமி சொன்னதும் வீட்டுக்காரர்கள் ஒன்றும் கேட்காமல் புதுச் சட்டி எடுத்தார்கள். சோறு, கடுகுக் கீரை, அடை மாதிரி காய்ந்த ஒரு வட்டம். அதைத் தணலில் சுட்டுக் கொடுத்தார்கள். கடித்தேன். ஒரு வகைப் பயற்றை நொதிக்க வைத்துத் தட்டிக் காயவைத்ததாம். கடல் இல்லாத ஊரில் பயற்றிலேயே கருவாடு செய்துவிட்டார்கள். நான் மூன்று வட்டம் தின்றேன்.

மறுநாள் உச்சி நேரத்தில் மச்சானின் கடையை அடைந்தோம். மூங்கில் கொட்டகை, பக்கத்தில் கோவேறு கழுதைகளைக் கட்டும் தொழுவம். கம்பளிக் குல்லாயும் லுங்கியுமாக அடுப்பின் முன் நின்ற நரைத்த மனிதர், என் முகத்தைப் பார்க்குமுன் மூட்டைப் பக்கம் திரும்பினார்.

"பழவேற்காட்டு நெத்திலி" என்றார் தமிழில். அப்புறம்தான் என்னைப் பார்த்தார். "காதரா? இன்னாடா, இப்டி நரைச்சிப்புட்ட!"

கட்டிப்பிடித்துக்கொண்டார். முகத்துவாரம் தூர்ந்து போச்சா, இறால் படுதா, யார் யார் மவுத்து என்று மூச்சுவிடாமல் கேட்டார். லாத்தாவைப் பற்றி மட்டும் கேட்கவில்லை. உள்ளேயிருந்து ஒரு பர்மியப் பெண் இரண்டு குழந்தைகளோடு எட்டிப் பார்த்தாள். பெயர் மா மியா. கலிமா சொல்லி இஸ்லாத்துக்கு வந்து மச்சானை நிக்காஹ் செய்தவள், அழகாக முக்காடு போட்டிருந்தாள். என்னைத் தன் ஊர்க்காரர் என்று மட்டும் மச்சான் அவளிடம் சொன்னார்.

தொழுவத்துக்குப் பின்னால் அழைத்துப் போய் நான் வந்த விஷயத்தைக் கேட்டார். சொன்னேன்.

"நான் மவுத்தாப் போய்ட்டேன்னு சொல்லிடு காதரு. எங்கண்ணன் முன்ன நின்னு செய்வாரு. எல்லாத்துக்கும் நல்லது."

வழக்கமாக நான் சரி என்றிருப்பேன். அன்று வாயில் வந்தது வேறு.

"நான் அப்டிச் சொன்னா லாத்தா புருசன் செத்தவளா நாலு மாசம் பத்து நாளு இத்தா குந்தணும் மச்சான். இங்க டீ ஆத்திக்கினு இருக்கற மனுசனுக்கு எங்கக்கா வெள்ளைத்துணி கட்டிக்கினு மூலையில குந்தணுமா? அது என் வாயில வராது."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"இந்தம்மாகிட்ட எங்கக்காவப் பத்தி இன்னா சொல்லிக்கீறீங்க?"

"மவுத்தாயிட்டான்னு சொல்லிட்டேன்டா. அப்போ குண்டு விழுந்து எல்லாரும் செத்துக்கினு இருந்த நேரம். யாரு செத்தா யாரு கீறான்னு..."

இங்கே என் அக்காவைச் சாகடித்திருந்தார். அங்கே தன்னைச் சாகடிக்கச் சொன்னார். மச்சான் குரலைத் தாழ்த்தினார்.

"தமிழ்ல ஒரு சீட்டு எழுதித் தரேன். சத்தமில்லாம எடுத்துக்கினு போ."

"சீட்டு வாணாம். ரெண்டு சாட்சி முன்னால, அவங்களுக்குப் புரியற பாஷையில சொல்லணும். காஜியார் சொல்லித்தான் அனுப்பினாரு."

"இந்த மலையில முஸ்லிம் சாட்சிக்கு எங்க போவே?"

"குதிரைக்காரங்கள்ல நம்மாளு வருவாங்களாமே, அப்பளசாமி சொன்னாரு."

மச்சான் அப்பளசாமியை முறைத்தார். "அவனுங்க எப்ப வருவானுங்கன்னு அவனுங்களுக்கே தெரியாது."

"வர்ற வரைக்கும் குந்தறேன்" என்றேன்.

கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். அன்று இருட்டும்வரை உட்கார்ந்தேன். வந்தவர்கள் குடித்த கோப்பைகளைக் கழுவினேன். மச்சான் என் பக்கம் பார்ப்பதைத் தவிர்த்தார். மா மியா எனக்குத் தனியாக முட்டை பொரித்துக் கொடுத்தாள். அந்த அன்பு எனக்கு மேலும் சங்கடமாக இருந்தது. இந்த வீட்டில் நெருப்பு வைக்கத்தானே வந்திருக்கிறேன் என்று தோன்றியது. எழுந்து போய்விடலாமா என்றும் நினைத்தேன். ஷரீபா கதவுக்குப் பின்னால் நின்று சொன்னது காதிலேயே இருந்தது. எழுந்திருக்கவில்லை.

அடுத்த நாள் உச்சிவேளை லுஹர் தொழுகைக்குச் சற்று முன் மணிச் சத்தம் கேட்டது. பத்துப் பன்னிரண்டு கோவேறு கழுதைகள். ஓட்டி வந்தவர்கள் சீனா எல்லையிலிருந்து வரும் பன்தே முஸ்லிம்கள், அண்ணன் தம்பி இருவர். மூத்தவருக்கு வெண்தாடி. அவர்கள் ஓடையில் கைகால் முகம் கழுவி ஒளுச் செய்து பாய் விரித்தார்கள். நான் போய்ப் பக்கத்தில் நின்று தொழுதேன். ஸலாம் கொடுத்து முடித்ததும் பெரியவர் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். எங்களுக்குள் பொதுவாக ஒரு பாஷை இல்லை. காஜியார் பாடம் பண்ணி அனுப்பிய சொற்கள் மட்டும் இருந்தன.

"நிக்காஹ்" என்றேன். மச்சானின் கடையைக் காட்டி, பெண்ணைக் கொடுக்க உரியவர் என்ற பொருளில் "வலி" என்றேன். என் நெஞ்சைத் தொட்டு, அவருக்குப் பதிலாள் என்று சொல்ல "வகீல்" என்றேன். அவர்கள் இருவரையும் காட்டி, சாட்சி என்று சொல்ல "ஷாஹித்" என்றேன்.

பெரியவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்து, தம்பியைக் கூப்பிட்டு, நேராகக் கடைக்குள் நடந்தார். நான் பின்னால் ஓடிப் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் பர்மிய பாஷையில். அப்பளசாமி என் காதோரம் தெலுங்கில் சொல்லிக்கொண்டே வந்தார்.

"எந்தப் பெண்?" என்று கேட்டார் பெரியவர்.

மச்சான் அடுப்பைப் பார்த்தபடி, "என் மகள் ஷரீபா" என்றார்.

"வயது?"

"பதினெட்டு."

"பெண்ணுக்குச் சம்மதமா?" என்னிடம் கேட்டு மச்சான் சொன்னார், சம்மதம் என்று.

"தாய்க்குச் சம்மதமா?"

மச்சான் அடுப்பில் ஒரு விறகைத் தள்ளினார். மா மியா அகப்பையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியவர் மறுபடியும் கேட்டார். பெஞ்சிலிருந்து நான் எழுந்து நின்றேன்.

"சம்மதம்" என்றார் மச்சான். "உயிரோடு இருக்கிறாள். சம்மதம்."

பிறகு என் பெயரைச் சொல்லி, தன் மகளைக் கொடுக்கும் உரிமையை எனக்குக் கொடுப்பதாக மூன்று முறை சொன்னார். சாட்சிகள் இருவரும் கேட்டோம் என்றார்கள். பெரியவர் கையேந்தி துஆ ஓதினார். ஆமீன் சொல்லும்வரை மா மியா அசையவில்லை. அப்புறம் அகப்பை மச்சானின் தோளில் விழுந்தது.

"ஒவ்வொரு வருஷமும் அந்த அம்மாவுக்குப் பாத்திஹா ஓதிச் சோறு போட்டேனே! பன்னிரண்டு வருஷம்! உயிரோடு இருக்கிறவளுக்கா நான் அழுதேன்? என் அழுகையைத் திருப்பிக் கொடு!"

பன்தே பெரியவர் மரியாதையாக வெளியே போய்க் கழுதைகளுக்குத் தண்ணீர் காட்டினார்.

அன்று மச்சான் தொழுவத்தில் படுத்தார். விடிந்ததும் நாங்கள் புறப்பட்டபோது மா மியா முகம் வீங்கியிருந்தது. ஆனாலும் வாழையிலையில் கட்டிய சோற்றை எங்கள் இருவர் கையிலும் கொடுத்தாள். மச்சான் சிறிது தூரம் கூட வந்தார். என் நெற்றிப் பட்டையைச் சரிசெய்துவிட்டுத் திரும்பிப் போனார்.

கப்பல் கிடைத்தது. நோன்புக்குப் பதினோரு நாள் இருக்க ஊர் வந்து சேர்ந்தேன். வாப்பா தன் வாயால் உரிமை கொடுத்ததை ஷரீபாவிடம் முதலில் சொன்னேன். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். லாத்தா மீன் அரிந்துகொண்டிருந்தாள். அவளிடம் ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். இன்னொரு பெண், இரண்டு குழந்தைகள், எல்லாம்.

"அவ முன்னாலயே சொன்னாரா, நான் உசுரோட கீறேன்னு?"

"அவ முன்னாலதான்."

லாத்தா அரிவாள்மணையில் இன்னொரு மீனை அரிந்தாள். பாத்திஹா ஓதியதையும் சொன்னேன். லாத்தா நிமிர்ந்தாள்.

"எனக்கா? எனக்குப் பாத்திஹாவா?"

"பன்னெண்டு வருசமா."

"இன்னா ஆக்கிப் போட்டாளாம்?"

"தேங்காச் சோறும் கோழியும்னு அப்பளசாமி கேட்டுச் சொன்னாரு."

லாத்தா சிரித்தாள். மீன் கையோடு வாயை மூட முடியாமல், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "கோழியா! இங்க எனக்கு ஒருத்தரும் கோழி போடலியே காதரு!" என்றாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மிச்ச மீனை அரியத் தொடங்கினாள்.

நிக்காஹ் அன்று பள்ளிவாசல் நிறைந்திருந்தது. காஜியார் என்னைப் பார்த்து, "யாருடைய சொல்லின் பேரில் கொடுக்கிறீர்?" என்று கேட்டார். கடைசி வரிசைக்கும் கேட்கும்படி மச்சானின் பெயரைச் சொன்னேன்.

மறுநாள் பொன்னேரிச் சந்தை. இரண்டு கூடை கொண்டுபோனேன்; வழக்கம்போல் பக்கத்துக் கடைக்காரர்தான் கூவினார். ஒன்று விற்றுப்போனது, ஒன்று திரும்பி வந்தது.